அக்ரூட் மணை

அந்த மூட்டை மேல் கால் வைத்துவிடாதீங்க அக்கா. ஐயோ, திட்டவில்லை. நீங்க வைக்கவில்லை, வைத்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சொன்னேன். உள்ளே ஒரு பலகை இருக்கு. என் வளைகாப்புக்குக் கட்டின சேலையில் சுற்றியிருக்கிறேன். அதைவிட மெத்தென்ற துணி வீட்டில் வேறு இல்லை.

இவளைக் கொஞ்ச நேரம் உங்கள் மடியில் போட்டுக்கொள்வீங்களா? பேர் பவிஷா. மூன்று வயசுதான், ஆனால் தூங்கிவிட்டால் அம்மிக்கல் கனம் கனப்பாள். அப்படியே அவள் அப்பா. எந்தச் சத்தத்துக்கும் அசைய மாட்டாள்.

பூக்கூடையோடு தினமும் புனலூர் போகிறவங்கதானே நீங்க? கண்டக்டர் உங்களிடம் ஊர் பேரே கேட்காமல் டிக்கெட் கிழித்தாரே, அதை வைத்துத்தான் சொன்னேன். அப்போ எனக்கு ஒரு உதவி செய்யுங்க. நான் தென்மலையில் இறங்கணும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லை. பதிமூணு கண் பாலம் என்று பெரிய ரயில் பாலம் ஒன்று வருமாம், அதைத் தாண்டினால் தென்மலையாம். பாலம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்ன?

தென்மலைக்கு எதுக்கா? அதை மட்டும் கேட்காதீங்க. கேட்டால் நான் நிறுத்த மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒரு மர மில்லில் இருக்கிறார். கூலிக்கு. இலஞ்சியில் சொந்தப் பட்டறை இருக்கு. இழைப்புளிச் சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அதைப் பூட்டிவிட்டு இங்கே வந்து அடுத்தவன் மில்லில் தடி உருட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாம் எதனால்? வாயைத் திறந்து பேசாததனால். மனுஷன் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா அக்கா? என் வழக்கே அதுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்த பெண்ணை நிமிர்ந்து பார்க்க மாட்டார். என்னையே நிமிர்ந்து பார்க்க மாட்டார். பேச மாட்டார், அது ஒன்றுதான் குறை.

பேர் நயினார். நயினார் ஆசாரி என்றால் இலஞ்சி, மேலகரம் முழுக்கத் தெரியும். "நயினாரு செஞ்ச கதவுல வெள்ளை இருக்காது" என்பார்கள். வெள்ளை என்றால் உங்களுக்குத் தெரியுமா? தேக்கோ வேங்கையோ, மரத்தை அறுத்தால் நடுவில் கருத்து இருக்கும் பாருங்க, அது வைரம். உறுதியெல்லாம் அதில்தான். பட்டையை ஒட்டி வெளுத்துக் கிடக்கிறதே, அது வெள்ளை. அதைப் பூச்சி தின்னும். வைரத்துக்கு உள்ள விலையை வாங்கிக்கொண்டு வெள்ளையைச் சேர்த்துப் போட்டு, மேலே சாயம் பூசிக் கொடுக்கிறவன்தான் ஊரில் பாதி. பூசிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியும். ஏனென்றால் பூசுகிறவளே நான்தான்! பத்தாவது முடித்த கையோடு தென்காசியில் ஒரு மரச்சாமான் கடையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் வரைக்கும் அங்கேதான். வெள்ளையும் வைரமும் கலந்து வருகிற கட்டிலைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரே நிறமாக ஆக்கிவிடுவேன். "வடிவு கை வச்சா வெள்ளை இருந்த எடமே தெரியாது" என்று முதலாளி எல்லாரிடமும் சொல்வார். எல்லாரிடமும் என்றால் வாங்க வருகிறவர்களிடம் இல்லை, எங்களிடம்.

இப்படிக் கைவேலை தெரிந்தவளைக் கட்டிக்கொண்டு, இவர் சாயத்தையே தொட மாட்டார். கல்யாணமான புதிதில் என் சாய பாட்டிலை எடுத்துப் பட்டறையில் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் பரணில் ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதுக்கு, "மரத்துக்கு அதோட நெறம் போதும்" என்றார். அவ்வளவுதான். நான் விளக்கமாகக் கால் மணி நேரம் பேசினேன், இந்தக் காலத்தில் பளபளப்புக்குத்தான் மதிப்பு என்று. அவர் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் சுபேதார் அண்ணாச்சி வந்தார். செல்லப்பாண்டியன் என்று பேர். மேலகரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு வாங்கி வந்தவர். கூடவே அவர் மச்சினன். இரண்டு பலகையைப் பட்டாளத்துக் கம்பளியில் சுற்றி, கைப்பிள்ளையை ஏந்தி வருகிற மாதிரி ஏந்தி வந்தார்.

"நயினாரு, இது என்ன மரம்னு சொல்லும் பாப்போம்."

நான் முந்திக்கொண்டேன். "இது வாகைல்லா அண்ணாச்சி! எங்க கொல்லையிலயே நிக்கே!"

இவர் உளியை எடுத்து மூலையில் ஒரு சீவு சீவினார். முகர்ந்து பார்த்தார். எச்சில் தொட்டுத் தடவி நிறம் பார்த்தார். ஒரு கையில் தூக்கிக் கனம் பார்த்தார். நமக்குப் பொறுமை போய்விடும்.

"ஈட்டி மரம் இல்ல. ஈட்டின்னா இன்னும் கனக்கும்," என்றார். அப்புறம் ஒரு காபி குடிக்கிற நேரம் கழித்து, "வாகையும் இல்ல. வாகையச் சீவினா இவ தும்மியிருப்பா" என்றார்.

அது உண்மைதான். வாகைத் தூள் எனக்கு ஆகாது, பட்டறையில் வாகை அறுத்தால் நான் தெருவில் நின்று தும்முவேன். அன்றைக்கு மூக்கடைப்பு, அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி சிரித்தார். "அக்ரூட்டு. காஷ்மீர்ல அப்படித்தான் சொல்லுவான். நாம கேக்குல போடுதோம்லா, வால்நட்டு, அந்த மரம்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை அக்கா. அந்தப் பருப்பு, மூளையைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்குமே, அதுக்கு இத்தனை பெரிய மரமா? நிலக்கடலை மாதிரி ஏதோ செடி என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

"பனியில சாஞ்ச மரம். ரோட்டை அடைச்சிக் கெடந்துது. நாங்கதான் வெட்டி ஒதுக்கினோம். தோட்டத்துக்காரன் அதுல ரெண்டு பலகை அறுத்துக் குடுத்தான். எனக்கு மக பொறந்திருக்கான்னு அப்பதான் ஊர்ல இருந்து கடிதாசி வந்திருந்துது. 'அவ கல்யாணத்துக்கு வச்சிக்கோ'ன்னான். அத்தனை ரயில்லயும் படுக்கையோட சுருட்டிக் கொண்டாந்தேன்," என்றார் அண்ணாச்சி. "இப்ப அவளுக்குத்தான் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் உக்கார ரெண்டு மணை வேணும். நீரு சாயம் பூச மாட்டீராம்லா. அதான் ஒம்ம தேடி வந்தேன்."

சாயம் பூச மாட்டீராமே என்று அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் எல்லாரும் அப்படித்தானே அக்கா சொல்கிறாங்க? சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவு மின்னுகிறதே, எங்கள் கதவு ஏன் மங்கி நிற்கிறது என்று வந்து நிற்பாங்க. மனுஷங்க சொல்கிறது ஒன்று, விரும்புகிறது ஒன்று. கடையில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியும்.

என்ன, ஆரியங்காவா? ஆமா, கும்பிட்டுக்கொள்வோம். ஐயப்பா, இந்த மனுஷனுக்கு ஒரு வாயைக் கொடு. பாலத்துக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? சரி, சரி.

அந்த மரம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் ஆளே மாறிவிட்டார். இழைப்புளி போட்டால் சுருள் சுருளாக வழுக்கிக்கொண்டு வருகிறது. தேக்கு மாதிரி முரண்டு பிடிக்கவில்லை, உளிக்கும் சொன்னபடி கேட்கிறது. இவள் அந்தச் சுருளைக் கையில் வளையல் வளையலாக மாட்டிக்கொண்டு திரிந்தாள். இவர் வாயிலிருந்து பாட்டு வருது அக்கா! பாட்டு என்றால் வார்த்தை இல்லை, ம்ம்ம் என்று ஒரு இழுப்பு. அதுவே எங்கள் வீட்டில் அதிசயம். அத்தனை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த இரண்டு மணையோடேயே கிடந்தார். இந்தப் பலகையை அந்தப் பக்கம் திருப்புவார், அந்தப் பலகையை இந்தப் பக்கம் திருப்புவார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று பார்ப்பார். மேலகரத்தில் ஒரு வீட்டுக்கு நிலைக்கதவும் இன்னொரு வீட்டுக்கு ஜன்னலும் காத்துக் கிடக்கு, இங்கே பலகைக்குப் பொண்ணு பார்க்கிற சடங்கு நடக்கு.

ஒரு நாள் பட்டறையிலிருந்து கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. இதப் பாரு."

சோறு கொதிக்கிற நேரம். "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றேன் அடுப்படியிலிருந்தே.

இன்னொரு நாள் சாப்பிடும்போது, "அந்த வெள்ளை இருக்குல்லா…" என்று ஆரம்பித்தார். இவர் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடும். அதனால் நானே முடித்துவிட்டேன். "வெள்ளையப் பத்தி நீங்க கவலப்படாதீங்க, அத நான் பாத்துக்கிடுதேன்." அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மோர் ஊற்றிக்கொண்டார்.

இதில் என்மேல் என்ன தப்பு, சொல்லுங்க?

ஜன்னலில் என்ன காட்டுறீங்க? ஆமா, பாத்துட்டேன், பாத்துட்டேன், நல்ல பச்சையா இருக்கு. இவள் முழித்திருந்தால் குரங்கு எங்கே என்று கேட்டு உயிரை வாங்கியிருப்பாள். கேளுங்க, இனிமேல்தான் கதையே.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்து மணையை வாங்கிக்கொண்டு போகிறதாகப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து இவருக்குக் குற்றாலத்தில் ஒரு வீட்டில் கதவு இறங்கிவிட்டது என்று ஆள் வந்தது. கிளம்பும்போது சொன்னார், "மணைக்கு எண்ணெ மட்டும் தொட்டு வையி. வேற ஒண்ணும்…"

"தெரியும், தெரியும். நீங்க போயிட்டு வாங்க."

போனார். நான் இவளைத் தூங்கப் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மணையைத் திருப்பினேன்.

நடுவில் நல்ல நிறம்தான். காபித்தூளில் இரண்டு நாவல்பழம் பிழிந்துவிட்ட மாதிரி ஒரு நிறம். ஆனால் ஓரத்தில், ஒரு கை அகலத்துக்கு, வெள்ளை! அதுவும் நேராகக்கூட இல்லை, வளைந்து நெளிந்து உள்ளே வரைக்கும் வந்திருக்கு. ஒரு மணையில் மட்டும் இல்லை, இரண்டிலும். யார் வீட்டு மணை? கல்யாண மண்டபத்தில் மேடை மேல் வைக்கிற மணை. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்ப்பாங்க. "வெள்ளை போடாத ஆசாரின்னு சொன்னீங்க, இந்தா கெடக்கே வெள்ளை" என்று ஒருத்தன் சொன்னால் போதாதா? இவ்வளவு வருஷம் சேர்த்த பேர் என்ன ஆகும்? புருஷன் பேரைக் காப்பாத்தணும் என்று ஒரு பெண்டாட்டிக்குத் தோன்றக் கூடாதா?

எண்ணெய் மட்டும் தொடச் சொன்னாரே என்கிறீங்களா? அது சிக்கனத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பரணில் இருந்த பாட்டிலை இறக்கினேன். அக்கா, நான் அன்றைக்குச் செய்த வேலையைப் பார்த்திருந்தால் கடை முதலாளி காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயத்தைத் தின்னரில் இளக்கி, பனியன் துணியால் ஒத்தி ஒத்தி, வெள்ளைக்கு ஒரு பூச்சு கூட, வைரத்துக்கு ஒரு பூச்சு குறைய. எங்கே வெள்ளை முடிந்தது, எங்கே வைரம் ஆரம்பித்தது, பெத்த மரத்துக்கே அடையாளம் தெரியாது. அதுக்கு மேலே வார்னிஷ். முகம் பார்க்கலாம். முகமே பார்த்தேன், பொட்டு கோணியிருந்தது, சரி செய்துகொண்டேன்.

இவர் வந்ததும், "பட்டறைக்குப் போகாதீங்க, தூசி விழுந்துரும், காலையில பாருங்க, அசந்துருவீங்க" என்று சொல்லி வெளியே பூட்டிவிட்டேன்.

காலையில் அசந்துதான் போனார்.

அண்ணாச்சியும் மச்சினனும் வேன் கொண்டு வந்திருந்தாங்க. மேலே போட்டிருந்த துணியை நானே எடுத்தேன். "எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நகத்தால் கீறினார். ஒரு மணையைத் தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"நயினாரு, எம் பலக எங்க?"

"இதான் அண்ணாச்சி!" என்றேன்.

"நான் அவர்ட்ட கேட்டேம்மா."

இவர் மணையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். சாயம் நகக்கண்ணில் அப்படியே இருந்தது, அது லேசில் போகாது. நான் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். ஆம்பிளைங்க முன்னால் அழுக்குக் கையை நீட்டிக்கொண்டா நிற்பது?

"ஒங்க பலகதான் அண்ணாச்சி," என்றார் இவர். "நான்தான் சாயம் போட்டேன்."

"நீரா?" அண்ணாச்சி நிமிர்ந்தார். "சாயமே தொடாத ஆளு, எம் பலகைக்கு மட்டும் எதுக்குத் தொட்டீரு?"

"எதுக்கா?" என்றான் மச்சினன். "நெசப் பலகைய கேரளாக்காரனுக்குத் தள்ளிட்டு ஏதோ காட்டு மரத்தப் போட்டிருக்காரு மாமா. அத மறைக்கணும்லா?"

"ஓரத்துல வெள்ளை ஓடும், வளஞ்சி வளஞ்சி," என்றார் அண்ணாச்சி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இத்தன வருசமும் கட்டிலுக்குக் கீழதான் வச்சிருந்தேன், குனிஞ்சி அதத் தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கேன். அத வச்சித்தான் எம் பலகன்னு எனக்கே தெரியும். எங்க அது?"

இவர் இழைப்புளியை எடுத்தார். "சீவிக் காட்டுதேன் அண்ணாச்சி."

"வேண்டாம். ஒம்ம சொல்லு இருக்குன்னுதான் வந்தேன். சொல்லே போனப்புறம் சீவி என்னத்தப் பாக்க?"

மணையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். வேன் சும்மா வந்தது, சும்மா போனது.

நான் அங்கேயே சொல்லியிருப்பேன் அக்கா, நான்தான் பூசினேன் என்று. எனக்கென்ன பயம்? ஆனால் ஒரு ஆம்பிளை நாலு பேர் முன்னால் "நான்தான்" என்று சொன்ன பிறகு, பெண்டாட்டிக்காரி குறுக்கே வந்து "இல்லை, நான்" என்றால் அவருக்கு அது மரியாதையா? அதனால்தான் சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். அதுவும் அவருக்காகத்தான்.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க, ஆளுங்க இறங்குறாங்க. என்னமா இடிக்கிறாங்க. என்னக்கா, தோளைத் தட்டுறீங்க? இவள் கனக்கிறாளா? இப்படிக் கொடுங்க. வேண்டாமா? அப்போ வைத்துக்கோங்க, இதோ முடித்துவிடுகிறேன்.

அப்புறம் என்ன? நயினார் மரத்தை மாற்றிவிட்டாராம் என்று மேலகரம் முழுக்கப் பேச்சு. மச்சினனுக்கு வேறு வேலை இல்லை. நிலைக்கதவுக்குச் சொன்னவங்க, "இப்ப வேண்டாம், ஆடி கழியட்டும்" என்றாங்க. ஜன்னல்காரர் தன் மரத்தையே வந்து தூக்கிக்கொண்டு போனார். போகிறபோது ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏற்றினார் அக்கா. இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் உளி, இழைப்புளி எல்லாம் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக் கட்டினார்.

"கோவமா?" என்றேன்.

"இல்ல."

"பின்ன எங்க கெளம்புதீங்க?"

"தென்மலையில வேல இருக்கு."

"என்னிய நாலு வார்த்த திட்டிட்டாவது போங்களேன்!"

இவளைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தார், போய்விட்டார். இப்போது தினமும் போன் வரும். "பாப்பா சாப்ட்டாளா?" சாப்பிட்டாள். "காச்சல் இல்லல்ல?" இல்லை. "சரி." வைத்துவிடுவார். எங்கள் வீட்டு நாய்க்கும் எனக்கும் இதைவிடப் பேச்சுவார்த்தை அதிகம். எப்போ வருவீங்க என்று கேட்டால், "பாப்போம்." யாரு பாப்பது? எதைப் பாப்பது? தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் கண்ணாடிச் சில்லை எடுத்தேன். உடைந்த ஜன்னல் கண்ணாடி பட்டறையில் கிடந்தது. அதன் விளிம்பால் சுரண்டினால் பழைய பாலிஷ் பொடிப் பொடியாக வரும், கடையில் பழகின வேலை. அந்த மணையைச் சுரண்டிவிட்டு இவள் உட்கார்ந்து சாப்பிடவாவது ஆகட்டும் என்று ஆரம்பித்தேன். வார்னிஷ் போய்விட்டது. சாயம் போகவில்லை. அடி வரைக்கும் குடித்திருந்தது மரம். நான் போட்ட சாயம் ஆயிற்றே, லேசில் போகுமா? இவள் தூங்குகிற மத்தியானமெல்லாம் அதே வேலை. கையைப் பாருங்க, எத்தனை கீறல். பத்துப் பாத்திரம் தேய்த்தால் எரிகிறது.

சுரண்டச் சுரண்ட ஒரு வாசனை வந்தது. பச்சை மரமும் இல்லை, பழமும் இல்லை. அன்றைக்கு இவர் முகர்ந்துவிட்டு அத்தனை நேரம் சும்மா இருந்தாரே, அதுக்குக் காரணம் இதுதானோ என்று நினைத்தேன். அப்புறம் வெள்ளை வந்தது. ஒரு மணையில் முழுசாக எடுத்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்தேன். எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

சிற்றாறு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பாறையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்ச் சேரும் அக்கா. அப்படி. இந்த மணையிலிருந்து கிளம்புகிற வெள்ளை அந்த மணைக்குள் போய் வளைந்து திரும்பி வருது. ஒரே தடியில் அடுத்தடுத்து அறுத்த பலகை இல்லையா, புத்தகத்தை விரித்த மாதிரி இந்தப் பக்கம் உள்ளது அப்படியே அந்தப் பக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனி மணையில் உட்கார்ந்தாலும் அடியில் ஒரே கோடு ஓடும். அதுக்குத்தான் இவர் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறார்.

நல்லாத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

"இதப் பாரு" என்று அன்றைக்குக் கூப்பிட்டது இதுக்குத்தானோ என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. வந்தால் என்ன? அடுப்படிக்கு வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்க வேண்டாமா? வெள்ளை இருக்குல்லா என்று ஆரம்பித்தவர் முடித்திருக்க வேண்டாமா?

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். நானே மணையை மேலகரம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீங்க? போனேன் அக்கா. தெருமுனை வரைக்கும் போனேன். வாசலில் பந்தக்கால் நட்டு மாவிலை கட்டியிருந்தது. மச்சினன் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன். பயம் எல்லாம் இல்லை. செய்தவர் கையால் கொடுக்கிறதுதானே முறை? அவர் வந்து இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினால் போதும். அண்ணாச்சிக்கு அந்தக் கோடு தெரியும். தொட்டே கண்டுபிடிப்பார்.

அதுக்குத்தான் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டையும் தூக்கியிருக்கலாம், கனம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் கொடுத்தால், "சரி, வச்சிட்டுப் போ" என்று சொன்னாலும் சொல்வார் அந்த மனுஷர். ஜோடியில் ஒன்று இங்கே, ஒன்று வீட்டில். பாதிக் கோட்டைப் பார்த்தால் மீதிக் கோட்டுக்கு வரத்தானே வேணும்? ஆசாரி இல்லையா, கை சும்மா இருக்காது.

என்ன பேசுவேன் என்கிறீங்களா? ஒன்றும் பேச மாட்டேன். மில் வாசலில் நின்று துணியைப் பிரித்துக் காட்டுவேன். அவ்வளவுதான். முடியுமா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கு.

பாலம் இன்னும் வரவில்லையே அக்கா?

என்னது? தாண்டியாச்சா? எப்போ? நீங்க ஜன்னலில் காட்டினது… அது மலை இல்லையா? அப்போ அத்தனை பேர் இறங்கினாங்களே, அது? அது தென்மலையா? ஐயோ, கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்க! ஆள் இறங்கணும்! ஏன் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

சொன்னீங்களா.

தோளையும் தட்டினீங்க. ஆமா. தட்டினீங்க.

இல்லை, ஒன்றும் இல்லை. இவளைக் கொடுங்க. எழுந்திரு தங்கம், அப்பாவிடம் போகிறோம். இது எந்த ஊர்? ஒற்றைக்கல்லா? எதிரே பஸ் வருமா? வரும். வராவிட்டால் நடக்கிறேன், என்ன இப்போ.

அக்கா, பாலம் மட்டும்தான் சொல்ல வந்தீங்களா? இடையில் வேறு ஏதாவது சொல்ல வந்தீங்களா? இல்லை, சும்மா கேட்டேன். சொல்லுங்க, நிற்கிறேன்.

இருங்க அண்ணே, விசில் ஊதாதீங்க, அவங்க ஏதோ சொல்றாங்க!

'நீங்க சொல்லுங்க, நான் கேக்குதேன்' என்று சொல்லணுமா? சரி அக்கா. சொல்கிறேன் அவரிடம். அப்படியே சொல்கிறேன்.

இறங்கிவிட்டேன். மூட்டையை மட்டும் ஜன்னல் வழியாகக் கொடுங்க. மெதுவா. அந்தக் கம்பியில் இடிக்காமல். வெள்ளைப் பக்கம் உரசிடாம அக்கா, வெள்ளைப் பக்கம்.